தலைமை மாறினால் கல்லூரிக் கூடைப்பந்து நடுவரின் வாழ்க்கை ஏன் மாறுகிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மேலதிகாரி ஒருவர் மாறினால் நடுவர்களுக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. இதற்கு முதலில் அவர்களின் வேலைநிலையை அறிய வேண்டும். முதல்நிலைப் போட்டிகளின் நடுவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பள ஊழியர்கள் அல்லர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். பருவ ஆட்டங்களை ஒதுக்குபவர் அந்தந்தக் கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) நடுவர் ஒருங்கிணைப்பாளர் என்பதால், அவர் மாறியதும் புதியவருக்குப் பழக்கமில்லாத நடுவர் ஒருவருக்கு ஆட்டங்கள் குறையலாம்; பணிநீக்கம் என்ற சொல்லே எழாமல் வருமானம் மட்டும் சுருங்கிவிடும். பல கான்ஃபரன்ஸ்களுக்கு ஒருவரே ஒதுக்கீடு செய்யும் இடங்களில் இந்த அடி இன்னும் பலமானது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரே தலைமையை நம்பாமல் பல இடங்களில் பணியாற்றுகிறார்கள்.

கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏ மார்ச் மாதம் நடத்தும் போட்டித் தொடருக்கான நடுவர் தேர்வில் தேசிய ஒருங்கிணைப்பாளரின் கருத்துக்குப் பெரும் எடை உண்டு. ஆண்கள் பிரிவில் ஹாங்க் நிக்கல்ஸ் 1986 முதல் 2008 வரை அப்பொறுப்பில் இருந்தார். அடுத்து வந்த ஜான் ஆடம்ஸின் காலத்தில், 2013-14 பருவத்தில், பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுப்பதைக் கண்டிப்பாக ஃபவுலாக அறிவிக்கும்படி வலியுறுத்தப்பட்டது. பழைய தளர்வில் வளர்ந்த நடுவர், இத்தகைய மாற்றத்துக்கு ஏற்ப விசிலைத் திருத்திக்கொள்ளாவிட்டால், மதிப்பீட்டில் பின்தங்குவார்.

அதிகாரம் ஒருவரிடம் குவிவதன் ஆபத்தை பேக்-12 என்ற கான்ஃபரன்ஸின் விவகாரம் காட்டியது. அரிசோனா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளருக்கு டெக்னிக்கல் ஃபவுல் (தவறான நடத்தைக்கான தண்டனை) கொடுத்தால் பரிசு தருவதாக ஒருங்கிணைப்பாளர் எட் ரஷ் நடுவர்களிடம் சொன்னது வேடிக்கைப் பேச்சே என்று கான்ஃபரன்ஸ் கருதியபோதும், 2013 ஏப்ரலில் அவர் விலகினார். வேடிக்கையோ இல்லையோ, அடுத்த ஆட்டத்தை ஒதுக்குபவர் சொல்லும்போது அது கட்டளையாகவே காதில் விழக்கூடும்.