குளிரில் பட்டை வண்டு செத்துவிடும் என்று நம்பலாமா?

கேள்வி: மத்திய ஐரோப்பாவில், தாழ்வான பகுதியில், எனக்கு மூன்று ஹெக்டேர் ஸ்ப்ரூஸ் (ஒருவகை ஊசியிலை மரம்) காடு இருக்கிறது. போன கோடையில் எட்டு மரங்கள், பட்டைக்கடியில் குடைந்து முட்டையிடும் பட்டை வண்டால் பட்டுப்போயின. இந்தக் குளிர்காலத்தில் மைனஸ் 18 டிகிரி வரை இறங்கியது. வண்டெல்லாம் செத்திருக்கும், இந்த ஆண்டு நிம்மதியாக இருக்கலாம்தானே?

பதில்: தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். முட்டை, புழு, கூட்டுப்புழுவாக இருந்தவற்றில் பெரும்பாலானவை செத்திருக்கும், மைனஸ் 13 முதல் 17 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவை தாக்குப்பிடிக்காது. முழு வளர்ச்சியடைந்த வண்டு வேறு கதை. உறைந்துபோகாமல் இருக்க அது இலையுதிர்காலத்திலேயே உடம்பைத் தயார் செய்துகொள்கிறது, மைனஸ் 20 வாக்கில்கூடப் பிழைக்கிறது, அதிலும் ஒரு பகுதி மரத்தடிச் சருகுக்குள் இறங்கிப் படுத்துவிடும், மேலே பனி மூடியிருந்தால் வெளிக்குளிர் உள்ளே எட்டாது. வசந்தத்தில் பறக்கப்போவது இவைதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கோடையை. இந்த வண்டு சுமார் 8.3 டிகிரிக்கு மேல்தான் வளரும். முட்டையிலிருந்து புது வண்டு ஆவதற்கு, அந்த அளவுக்கு மேலே ஒவ்வொரு நாளும் கிடைக்கும் டிகிரிகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ 557 வர வேண்டும். பட்டைக்கடியில் சராசரி 18.3 டிகிரி என்றால் நாளுக்குப் பத்து, ஆக எட்டு வாரம். 23.3 ஆனால் ஐந்தரை வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பகல் வெப்பம் 16.5 டிகிரியைத் தாண்டினாலே பறக்கத் தொடங்கும், பகல் நேரம் பதினான்கரை மணிக்குக் கீழே சுருங்கும்போது பெரும்பாலானவை இனப்பெருக்கத்தை நிறுத்திவிடும். ஆகவே வசந்தம் சீக்கிரம் சூடாகிவிட்டால், ஓராண்டுக்குள் இரண்டு தலைமுறை வந்த இடத்தில் மூன்று வந்துவிடுகிறது. ஒரு பெண் வண்டுக்குப் பத்துப் பெண் வண்டுகள் தேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு தலைமுறையில் நூறு, மூன்றில் ஆயிரம். குளிரில் பாதி செத்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை.

ஆனால் வண்டு பெருகினால் மட்டும் மரம் சாகாது. நல்ல ஈரமுள்ள மண்ணில் நிற்கும் மரம், துளைபோடும் வண்டைப் பிசினாலேயே அமுக்கி வெளியே தள்ளிவிடும். வறட்சியில் அந்தப் பிசின் குறைந்துவிடுகிறது. முதலில் நுழைந்தவை வாசனை விட்டு மற்றவற்றைக் கூப்பிட, ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன, அப்புறம் எந்த மரமும் தாங்காது. 2018 முதல் 2020 வரை ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் நடந்தது இதுதான்: வெப்பமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்தன, அதுவும் குளிர்ந்த மலைக்குரிய மரத்தைத் தாழ்நிலத்தில் வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்த இடங்களில். புயலும் இதில் சேர்த்தி. விழுந்த மரத்துக்கு எதிர்க்கும் தெம்பு கிடையாது, அது வண்டுக்கு நாற்றங்கால். ஸ்வீடனில் 2005 ஜனவரியில் குட்ருன் புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது, அடுத்த ஆண்டு கோடையும் சூடாக அமைய, நின்ற மரங்கள் பெருமளவில் தாக்கப்பட்டன.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஏப்ரல் பாதியிலிருந்து மழையில்லாத நாட்களில் வாரம் ஒருமுறை காட்டைச் சுற்றுங்கள், வெயில் படும் ஓரங்களையும் போன ஆண்டு பட்ட மரங்களின் சுற்றுப்புறத்தையும் முதலில் பாருங்கள். அடிமரத்தில், பட்டை இடுக்கில், சிலந்தி வலையில் மூக்குப்பொடி மாதிரி பழுப்புத் தூள் கிடந்தால் வண்டு உள்ளே போயிருக்கிறது. அப்போது உச்சி பச்சையாகவே இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். கோடையில் ஊசியிலை சிவக்கும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் வண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருக்கும். தூள் தெரிந்த மரத்தை உடனே வெட்டி, மற்ற ஸ்ப்ரூஸ் மரங்களிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். உள்ளே வெள்ளைப் புழுவாக இருந்தால் பட்டையை உரித்துப்போட்டாலே போதும், காய்ந்து செத்துவிடும். பழுப்பு வண்டாகிவிட்டால் உரிப்பது அவற்றைத் திறந்துவிடுகிற மாதிரி.

அந்த எட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றனவா? பட்டை முழுக்க உதிர்ந்திருந்தால் வண்டு அவற்றை விட்டுப் போய் நாளாகிவிட்டது. பாதைமேல் விழும் ஆபத்து இல்லையென்றால் வெட்டாதீர்கள், மரங்கொத்திகளுக்கு அவை வேண்டும், வெட்டினால் பின்னால் நிழலில் நின்ற மரங்கள்மேல் வெயில் நேராக அடிக்கும். பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு துண்டை உரித்துப் பாருங்கள், வண்டு தென்பட்டால் மார்ச் முடிவதற்குள் அந்த மரம் காட்டை விட்டு வெளியேற வேண்டும்.