100 மில்லிகியூரி எங்கே, 5550 மெகாபெக்கரல் எங்கே?

கேள்வி: என் அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய். 2004-ல் ஆபரேஷன் முடிந்ததும் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளில் 100 மில்லிகியூரி என்று இருக்கிறது. இப்போது திரும்பவும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். வேலூரில் தந்த சீட்டில் 5550 மெகாபெக்கரல் என்று போட்டிருக்கிறது. ஐம்பத்தைந்து மடங்கா? அம்மா பயந்துபோய் வர மாட்டேன் என்கிறார். (குடியாத்தம் வாசகி)

பதில்: ஐம்பத்தைந்து மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு. 5550 மெகாபெக்கரல் என்றால் 150 மில்லிகியூரி. முதலில் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

கணக்கு சின்னதுதான். இரண்டுமே கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள்: மில்லிகியூரி பழையது, மெகாபெக்கரல் புதியது. ஒரு மில்லிகியூரி 37 மெகாபெக்கரல். பழைய அலகில் உள்ள எண்ணை 37-ஆல் பெருக்கினால் புதியது, புதியதை 37-ஆல் வகுத்தால் பழையது. வகுக்கச் சிரமமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: எண்ணை மூன்றால் பெருக்கி, நூறால் வகுத்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 5550-ஐ மூன்றால் பெருக்கினால் 16,650. நூறால் வகுத்தால் 166.5. அதில் பத்தில் ஒரு பங்கு போனால் கிட்டத்தட்ட 150.

5550 என்ற எண்ணே சற்று விநோதமாக இல்லையா? அணு மருத்துவச் சீட்டுகளில் 370, 1110, 1850, 3700 என்ற எண்கள்தான் அடிக்கடி கண்ணில் படும். எல்லாம் 10, 30, 50, 100 மில்லிகியூரிதான். டாக்டர்கள் பலர் இன்றும் கியூரியில் யோசித்து, தாளில் பெக்கரலில் எழுதுகிறார்கள். நகைக்கடையில் ஐந்து பவுன் என்று பேசி முடித்து, பில்லில் 40 கிராம் என்று வாங்குகிறோமே, அதே கதை.

37 எங்கிருந்து வந்தது? ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதை வைத்துப் பிறந்த அளவு கியூரி. 1910-ல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் அந்தப் பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதை நொடிக்கு 3700 கோடி சிதைவுகள் என்று நிலையாக்கினார்கள். துல்லியமாக அளந்தபோது ரேடியத்தின் உண்மையான கணக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக வந்தது. ஆனாலும் எண்ணை மாற்றவில்லை. 1975-ல் வந்த பெக்கரலில் இந்தச் சிக்கலே கிடையாது: நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல். அவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் எண்கள் இப்படிப் பூதாகரமாகத் தெரிகின்றன. நடுவில் ரூதர்ஃபோர்டு என்றும் ஓர் அலகு இருந்தது. அது நொடிக்குப் பத்து லட்சம் சிதைவு, அதாவது சரியாக ஒரு மெகாபெக்கரல். மிகப் பழைய புத்தகங்களில் தவிர அதை இப்போது பார்க்க முடியாது.

எனக்குக் கவலை தருவது 37 அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் சின்ன எழுத்து. மில்லிகியூரிக்கும் மைக்ரோகியூரிக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைராய்டு எவ்வளவு அயோடினை இழுக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு மைக்ரோகியூரி அளவு போதும், சிகிச்சைக்குத்தான் மில்லிகியூரி. பெக்கரலுக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எம் இருந்தால் மெகா, சிறிய எம் இருந்தால் மில்லி. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு! கையால் எழுதிய பழைய தாளை நகல் எடுத்துக் கொண்டுபோவதைவிட அசலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, நாளும் நேரமும் இல்லாத கதிரியக்க அளவுக்கு அர்த்தமே இல்லை. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். திங்கட்கிழமை 5550 இருந்த மருந்து, புதன்கிழமை அதே நேரத்தில் சுமார் 4670-தான். பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃப்ளோரின்-18 இன்னும் வேகம், 110 நிமிடத்தில் பாதி போய்விடும். சென்னையில் ஏற்றிய 740 மெகாபெக்கரல், வாலாஜா வழியில் நெரிசலில் மாட்டி மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து வேலூர் வந்தால் 185-க்கும் சற்றுக் கீழே நிற்கும். அதனால் இரண்டு தாள்களை ஒப்பிடும்போது, எண் எந்த நாளுக்கு உரியது என்றும் பாருங்கள். அம்மாவுக்கு உண்மையில் கொடுத்த அளவுதான் வேண்டும், புட்டியின் லேபிளில் உள்ளது அல்ல.

ஒன்றரை மடங்கு ஏன் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். அறுவைக்குப் பின் மிஞ்சிய திசுவை அழிக்க ஓர் அளவு, நோய் நிணநீர் முடிச்சுகளுக்கோ வேறு இடத்துக்கோ பரவியிருந்தால் அதைவிடக் கூடுதல் என்பது வழக்கம். 150 மில்லிகியூரி அந்த வழக்கத்துக்கு உட்பட்டதுதான். கேட்கப் போகும்போது பழைய 100-ஐயும் சொல்லுங்கள், ஏனென்றால் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பார்கள். கூட்டும்போது ஒரே அலகில் கூட்டுங்கள்: 250 மில்லிகியூரி, அல்லது 9250 மெகாபெக்கரல். நூறையும் 5550-ஐயும் அப்படியே கூட்டி 5650 என்று எழுதிவிடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று இருக்கலாம். அதை மெகாபெக்கரலாக மாற்றிப் பார்க்க 37 போன்ற ஓர் எண் கிடையாது. அது ஒரு மீட்டர் போலக் குறிப்பிட்ட தூரத்தில் நிற்பவர் மேல் எவ்வளவு படுகிறது என்ற கணக்கு. பழைய தாளில் மில்லிராண்ட்ஜன் என்றிருந்தால் மட்டும், ஒன்றுக்குச் சுமார் பத்து மைக்ரோசீவர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளை எத்தனை நாள் தள்ளி வைப்பது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்வார்கள். வீட்டில் பேரக்குழந்தை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.