மருந்து பழகியது கோழிக்கு அல்ல

கேள்வி: நீலகிரி மலையில் கேத்தியில் கேரட் தோட்டத்தோடு 150 முட்டைக் கோழிகள் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கழிச்சல் வந்தால் என்ரோஃப்ளாக்சசினைத் தண்ணீரில் கலந்து மூன்று நாள் கொடுப்பேன், நின்றுவிடும். இந்த முறை ஒரு வாரம் கொடுத்தும் நிற்கவில்லை. கோழிகளுக்கு மருந்து பழகிவிட்டதா? இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: பழகியது குடலில் இருக்கும் கிருமிக்கு. ஒவ்வொரு முறையும் மருந்துக்கு அடங்கியவை செத்தன, அடங்காத சில மிஞ்சின. ஈ.கோலை கிருமி தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இப்போது கொட்டகையில் இருப்பது அந்த மிச்சத்தின் வம்சமாக இருக்கலாம். மருந்தை எதிர்க்கும் மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் அவை கைமாற்றிவிடும்.

இது பாக்டீரியாக் கழிச்சல்தானா என்பதே சந்தேகம். வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது, ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. பாக்டீரியாவை மட்டும் கொல்லும் இந்த மருந்து இரண்டுக்கும் வீண்.

வீரியமான மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். யாராவது கொலிஸ்டின் நீட்டினால் வாங்காதீர்கள். வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. கோழிக்குக் கொடுக்க 2019 ஜூலையிலேயே ஒன்றிய அரசு தடை போட்டுவிட்டது. என்ரோஃப்ளாக்சசினும் லேசுப்பட்டதல்ல. கோழி உடம்பில் அதில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும், நமக்கு டாக்டர் எழுதித் தருகிற அதே மருந்து. முட்டையிலும் பல நாள் தங்கும். எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

புதிதாகச் செத்த கோழி இருந்தால் பையில் கட்டி, ஐஸ் வைத்து அவரிடமே கொண்டுபோங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த பொட்டளவு காகிதங்களை வைத்துப் பார்ப்பார்கள். மருந்து கேட்டால் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். கேட்காவிட்டால் கிருமி காகித ஓரம் வரை மொய்த்திருக்கும்.

அப்புறம், எரு. பச்சை எருவைக் கேரட் பாத்தியில் போட்டால் அந்தக் கிருமியும் கூடவே போகும். கேரட்டைப் பச்சையாகவே கடிக்கிறோம். உங்கள் ஊர்க் குளிரில் சின்னக் குவியல் சூடேறாது. மூன்றடிக்கு மேல் குவித்து, தார்ப்பாய் மூடி, அவ்வப்போது புரட்டுங்கள். உள்ளே 55 டிகிரி சூடு பல நாள் நிற்க வேண்டும். இரும்புக் கம்பியைச் சொருகி வைத்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் சரி.

பனிக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் சாக்கால் அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் தரையில் பரப்பிய கூளம் காயவே காயாது, கிருமிக்கு அந்த ஈரம் தோது. ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கூரையை ஒட்டி ஓரடி திறந்து விட்டு, ஈரக் கூளத்தை இன்றைக்கே அள்ளிவிடுங்கள்.