வாசகர் கேள்வி – பதில்: பயிரின் காவலும் ஹார்மோன்களும்

கேள்வி: தாவர ஹார்மோன்கள் வளர்ச்சிக்கு உரியவை என்றே படித்திருக்கிறேன். பூஞ்சாண நோயிலிருந்து பயிரைக் காப்பதும் அவையே என்கிறார்கள். அப்படியானால் அவற்றையே தெளித்து எல்லா நோய்களையும் தடுத்துவிடலாமே?

பதில்: ஹார்மோன் ஆயுதமன்று, எந்த ஆயுதத்தை எடுக்க வேண்டும் என்று செல்களுக்குச் சொல்லும் செய்தி. உங்கள் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

துரு நோய், சாம்பல் நோய் ஆகியவற்றின் பூஞ்சாணங்கள் உயிருள்ள செல்லிலிருந்து மட்டுமே உணவை உறிஞ்சுபவை. அவற்றின் செல்சுவரிலுள்ள கைட்டின் துணுக்குகள் போன்ற அடையாளங்களை இலை உணர்ந்ததும் சாலிசிலிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. தாக்கப்பட்ட செல்கள் தாமே மடிந்து பூஞ்சாணத்தைப் பட்டினி போடுகின்றன. அதன் சுவரைச் சிதைக்கும் கைட்டினேஸ் போன்ற நொதிகள் உருவாகின்றன. நோய் தொடாத தொலைவிலுள்ள இலைகள்கூட எச்சரிக்கை அடைகின்றன. ஆனால் சாம்பல் நிறப் பூசணத்தை உண்டாக்கும் பொட்ரிட்டிஸ் போன்றவை செல்லைக் கொன்று தின்பவை என்பதால், செல் மடிவது அவற்றுக்கு விருந்தாகிவிடும். அவற்றை எதிர்க்க ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்னும் வேறு இரு ஹார்மோன்கள் இணைந்து வேறு வகைப் புரதங்களை உருவாக்கச் செய்கின்றன. இந்த இரண்டு வழிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்குபவை. ஆகவே ஒன்றைத் தூண்டினால் மற்றொரு வகை நோய்க்குக் கதவு திறந்துவிடக்கூடும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, பூஞ்சாணங்கள் இந்த மொழியைத் தாமும் கற்றிருப்பதே. நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக வளரச் செய்து மெலியவைக்கும் பகானே நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் குரோசாவா, பூஞ்சாணம் சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்று 1926இல் காட்டினார். ஜிப்ரெலின் என்று இன்று நாம் அழைக்கும் ஹார்மோன் அவ்வாறுதான் அறியப்பட்டது. மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சாணமோ ஒரு நொதியைச் செல்லுக்குள் செலுத்தி, சாலிசிலிக் அமிலம் உருவாவதையே குறைத்துவிடுகிறது.

தெளிப்பதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெல் குலைநோய்க்கு எதிராக ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தப்படும் புரோபெனசோல் என்னும் மருந்து, சாலிசிலிக் அமில வழியைத் தூண்டியே பயிரைக் காக்கிறது. ஆயினும் சாலிசிலிக் அமிலத்தையே மிகுதியாகத் தெளித்தால் இலை கருகும். காவலுக்குச் செலவாகும் ஆற்றலால் வளர்ச்சியும் விளைச்சலும் குறையலாம்.

கேள்வி: நோய் கண்ட பிறகு இத்தகைய தூண்டிகளைத் தெளித்தால் குணமாகுமா?

பதில்: ஆகாது. பயிர் தன் காவலை அமைத்துக்கொள்ளச் சில நாள்கள் தேவைப்படுவதால் நோய் வருமுன்னரே தெளிக்க வேண்டும். பரவிவிட்ட நோய்க்குப் பூஞ்சாணக்கொல்லியையே நாட வேண்டியிருக்கும்.