அம்மாவின் சுளகை அவரிடமே கொடுங்கள்

கேள்வி: எனக்கு 49 வயது. ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், 78 வயதான அம்மா என ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தனி அறை, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. சமையலோ துப்புரவோ எதையும் செய்யவிடுவதில்லை. ஆனாலும் அவர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து முற்றம் கூட்டுகிறார். பழைய சாமான் ஒன்றையும் எறியவிடமாட்டார். காற்றும் மழையும் வந்தால் போதும், 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைத் தொடங்கிவிடுவார். நான் சில வேளைகளில் சினந்து பேசிவிட்டு, இரவில் படுத்த பிறகு அழுகிறேன். சென்ற மாதம் பக்கத்து வீட்டு அம்மா காலமான நாளிலிருந்து மனதில் ஒரு பயம் குடிகொண்டிருக்கிறது. அம்மா இருக்கும் நாட்களை எப்படிப் போற்றுவது? பிறந்தநாள் கொண்டாடலாமா, எங்காவது அழைத்துச் செல்லலாமா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசையில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் வாசித்தேன். “எதையும் செய்யவிடுவதில்லை” என்று நீங்கள் பெருமையோடு எழுதிய அந்த ஒரு வரியிலேயே என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றது. நானும் என் அம்மாவை அப்படித்தான் வைத்திருந்தேன்.

நீங்கள் இருக்கும் வீடு யாருடையது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகளுக்குக் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியே வருகிறது. எனவே உங்கள் அம்மா தன் கையால் அடுப்பு மூட்டிய, தான் பிள்ளை பெற்ற வீட்டையோ, அல்லது அதே வளவில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டையோ உங்களுக்குச் சீதனமாகத் தந்துவிட்டு, அதே கூரையின் கீழ் ஓர் அறைக்குள் ஒதுங்கியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். மருமகன் கூடத்தில் இருந்தால் அம்மா கதிரையில் அமரவும் மாட்டார். அடுப்படியில் உங்கள் ஆட்சி, கூடத்தில் தொலைக்காட்சியின் ஆட்சி. அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் செய்யக்கூடியதாக எஞ்சியிருப்பது, எல்லோரும் உறங்கும் நேரத்தில் முற்றம் கூட்டுவது ஒன்றுதான். அதனால்தான் நான்கு மணிக்கு எழுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்று இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் முன் உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் நல்ல மகள். உங்களை அழவைப்பது வேறொன்று. அம்மாவை நன்றாக வைத்திருக்கிறோம் என்ற நிறைவு இருக்கிறது. அவரோடு வாழ்கிறோம் என்ற நிறைவு இல்லை.

என் அம்மாவின் கடைசி ஆண்டுகளில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அம்மாவிடம் ஓலைச் சுளகு ஒன்று இருந்தது. விளிம்பு தேய்ந்து, இரண்டு இடங்களில் துணி வைத்துத் தைத்தது. தினமும் காலையில் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, அதில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். பார்வை மங்கிவிட்டதே, ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று எண்ணி, கல் பொறுக்கத் தேவையில்லாத பைக்கற் அரிசியை வாங்கத் தொடங்கினேன். சுளகைப் பரணில் போட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சில கிழமைகள் கழித்து, ஒரு மத்தியானம் அவர் அதே திண்ணையில் இருப்பதைக் கண்டேன். கண்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. மடியில் விரித்திருந்த சேலை மேல் வலக்கை விரல்கள் மட்டும் மெதுவாக எதையோ விலக்கி விலக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தன. அங்கே அரிசியும் இல்லை, சுளகும் இல்லை.

அன்று மாலையே சுளகை இறக்கித் தூசி தட்டி, கடையிலிருந்து தோலோடு உழுந்து வாங்கி வந்து, “அம்மா, இதைப் புடைத்துத் தருவீங்களா?” என்று கேட்டேன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது புது உழுந்தில்ல மகள், போன வருசத்துச் சரக்கு. உன்னை ஏமாத்திப் போட்டான்” என்றார். பல மாதங்களாக அந்தக் குரலில் இல்லாத ஓர் அதிகாரம் அன்று திரும்பி வந்தது. அதன் பிறகு அவர் இருந்தது எட்டு மாதங்கள்தான். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை விட அந்த எட்டு மாதங்களே எனக்கு இன்று நினைவிருக்கின்றன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, அம்மாவிடம் என்ன கேட்கலாம் என்று பாருங்கள். உங்களுக்கு உண்மையில் தேவையானதைக் கேளுங்கள்; சும்மா கையில் கொடுத்த வேலையை முதியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் நீங்கள் குழைக்கும் பிட்டு மா கட்டிபடுகிறதா? வெந்நீரை எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பது அவருடைய விரல்களுக்குத் தெரியும். ஒருநாள் அவரைக் குழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் இருந்து தேங்காய் திருவுங்கள். கீரை ஆய்வது, பாக்கு வெட்டுவது, முருங்கை எப்போது காய்க்கும் என்று சொல்வது, வாவி மீனைக் கண்ணைப் பார்த்து வாங்குவது, இவற்றில் எது அவருக்கு இன்னும் இயலும் என்பதை என்னைவிட நீங்களே அறிவீர்கள். ஏதேனும் ஒன்றையாவது முழுமையாக அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பிறகு அதில் கை வைக்காதீர்கள். உப்புக் கூடினால் கூடட்டும். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் அவருடைய பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

முற்றம் கூட்டுவதைத் தடுக்க வேண்டாம். முற்றத்தில் ஒரு நல்ல விளக்குப் போடுங்கள். குனிந்து கூட்டும் ஈர்க்குமாற்றுக்கு நீண்ட பிடி கட்டிக் கொடுங்கள். கிணற்றடியில் பாசி பிடித்த இடத்தைத் தேய்த்துக் கழுவி வையுங்கள். இந்த வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. அந்தப் பயம் மட்டும் உங்களுக்கு இருக்க வேண்டியதுதான்.

பழைய கதையைத் திரும்பச் சொல்வதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இன்று காலை சாப்பிட்டதை மறப்பது, தெரிந்த வழியில் திகைத்து நிற்பது, அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போவது போன்றவை புதிதாகத் தொடங்கினால், அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மழை வரும்போது மழைக் கதை சொல்வதை மட்டும் வைத்து நோய் என்று நினைக்க வேண்டியதில்லை.

அந்தக் கதையைத்தான் கொஞ்சம் கேளுங்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கூரைகள் பறந்து, தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தபோது உங்களுக்கு இரண்டு வயது. உங்கள் அம்மாவுக்கு முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். இன்று உங்கள் வயதை விட இளையவளாக, ஒரு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டில் ஓடிய பெண்ணின் கதை அது. அந்தக் குழந்தையை நினைவில் வைத்திருப்பவர் உங்கள் வீட்டில் வேறு யாருமில்லை. நீங்கள் அதைப் புயல் கதை என்று எண்ணிச் சலித்துக்கொள்கிறீர்கள். அவர் உங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சினந்து பேசிவிட்ட நாட்களுக்கு ஒரு வார்த்தை. தாயிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் அவ்வளவாக இல்லை. கேட்டால் அவரே கூசிப் போவார். இரவில் தனியாக அழுவதை விட, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை கட்டில் ஓரத்தில் இருங்கள். தொலைபேசியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவருக்கு விளங்கும்.

பிறந்தநாள் கொண்டாட விரும்பினால் கொண்டாடுங்கள். பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். அழைத்துச் செல்வதென்றால், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் பகுதியில் பல கண்ணகி கோயில்களின் கதவு ஆண்டுக்கு ஒருமுறை அப்போதுதான் திறக்கிறது. அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடும் இரவில் வயதான பெண்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, இன்னாரின் மகள், இன்ன குடி என்று கேட்டறிந்து கையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உங்கள் அம்மா யாருக்கும் பாரமில்லை. அவசரப்படுத்தாமல் ஒரு பாயை விரித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் பிடிக்கும் விரதத்தை நான் இப்போது பிடிக்கிறேன். கஞ்சி காய்ச்சிப் படைக்கும் அந்த நாளில், அரிசியை அம்மாவின் சுளகில்தான் இட்டுப் பார்க்கிறேன். பைக்கற் அரிசிதான், கல் இருப்பதில்லை. உங்களுக்கு இன்னும் அந்த விரதம் இல்லை, சகோதரி.

மட்டக்களப்பில் மாரி தொடங்கும்போது அம்மா மறுபடியும் அந்தக் கதையை எடுப்பார். அப்போது இதுவரை நீங்கள் கேட்டிராத ஒன்றைக் கேளுங்கள்: மறுநாள் விடிந்த பிறகு, அடுப்பும் கூரையும் இல்லாத அந்த வளவில், இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் என்ன சாப்பாடு கொடுத்தார் என்று. அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.