‘முகமதிய’ என்ற சொல்லை முதலில் அடியுங்கள்

கேள்வி: முகமதிய மதத்தை முகமது நபி எந்த ஆண்டில் தோற்றுவித்தார்? அதன் அடிப்படைக் கொள்கைகள் என்னென்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: ஆண்டு இருக்கட்டும். குறிப்பேட்டில் ‘முகமதிய’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை அடித்துவிடுங்கள். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டப் புத்தகங்களிலும் பழைய பத்திரங்களிலும் புழங்கிய சொல் அது. கிறிஸ்துவை வணங்குகிறவர் கிறிஸ்தவர், அதுபோல இவர்கள் முகமதியர் என்று வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர். கட்டுரைகளில் இன்றும் தலைகாட்டுகிறது. இங்கே வந்தால் விடாமல் வெட்டுகிறோம். மரியாதை கருதி மட்டுமல்ல. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே என்ற இஸ்லாத்தின் முதல் கொள்கையையே அந்தச் சொல் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது.

கி.பி. 632 ஜூன் மாதம், மதீனா. நபிகள் காலமாகிவிட்டார். அவருடைய நெருங்கிய தோழர் உமரால் நம்ப முடியவில்லை. “அவர் இறக்கவில்லை. நாற்பது இரவு இறைவனிடம் போயிருந்து திரும்பிய மூசாவை (பைபிளின் மோசே) போலத் திரும்பி வருவார்” என்று கூட்டத்தின் நடுவே முழங்கிக்கொண்டிருக்கிறார். சேதி கேட்டு வந்த இன்னொரு தோழர் அபூபக்கர் யாரிடமும் பேசாமல் நபியின் மனைவி ஆயிஷாவின் அறைக்குள் போகிறார். நபியின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி முத்தமிடுகிறார். வெளியே வந்து சொல்கிறார்: “முகமதை வணங்கி வந்தவர்களே, முகமது இறந்துவிட்டார். அல்லாஹ்வை வணங்குகிறவர்களே, அல்லாஹ் என்றும் உயிரோடிருப்பவன், அவனுக்கு மரணமில்லை.” அடுத்து, குர்ஆனின் 3ஆம் அத்தியாயம் 144ஆம் வசனத்தை ஓதுகிறார். முகமது ஒரு தூதரே, அவருக்கு முன்பும் தூதர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். உமருக்குக் கால் தளர்ந்து, நிற்க முடியாமல் போகிறது.

இதற்குப் பிறகும் ‘முகமதிய’ என்று எழுதலாமா? குர்ஆனில் முகமது என்ற பெயர் வருவதே 4 இடங்களில்தான். மூசாவின் பெயர் 130 தடவைக்கு மேல் வருகிறது.

‘தோற்றுவித்தார்’ என்பதும் முஸ்லிம்களின் சொல் அல்ல. ஆதம், இப்ராஹீம், மூசா, ஈசா (இயேசு) எல்லாரும் கொண்டுவந்த ஒரே மார்க்கம், அதன் கடைசித் தூதர் முகமது நபி என்பதே முஸ்லிம்களின் நம்பிக்கை. தேர்வுக்கு ஆண்டு வேண்டுமென்றால், மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கிய 610ஐ எழுதுங்கள்.

ஈமான், அதாவது நம்பிக்கை கொள்ள வேண்டியவை, ஆறு: அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி. கடமைகள் ஐந்து: கலிமா (நம்பிக்கை உறுதிமொழி), ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, ஜகாத் (ஏழைகளுக்கான கட்டாயக் கொடை), வசதியுள்ளவருக்கு வாழ்நாளில் ஒரு ஹஜ் (மக்கா யாத்திரை). பாடநூல்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன, தனித்தனியே படியுங்கள். வரலாற்றில் 622 ஹிஜ்ரத் (மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது), 624 பத்ருப் போர், 628 ஹுதைபிய்யா உடன்படிக்கை, 630இல் மக்கா வெற்றி, 632 முதல் 661 வரை அபூபக்கர், உமர், உஸ்மான், அலி என நபிக்குப் பின் தலைமை ஏற்ற நான்கு கலீஃபாக்கள். இவ்வளவு போதும்.

பலர் வழுக்கி விழுவது 622இல்தான். ஆட்சிக் கடிதங்களுக்குத் தேதி போட ஓர் ஆண்டுக்கணக்கு தேவைப்பட்டபோது கலீஃபா உமர் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார். நபியின் பிறப்பிலிருந்து எண்ணலாமா, முதல் வஹீயிலிருந்தா, மறைவிலிருந்தா என்றெல்லாம் பேச்சு வந்தது. பிறப்பும் மறைவும் வேண்டாமென்று, ஒரு சமூகம் ஊரைவிட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்தைத் தேர்ந்தார்கள். அபூபக்கர் பேசிய பேச்சின் எதிரொலியாகவே அந்த முடிவு எனக்குப் படுகிறது. ஆனால் ஹிஜ்ரத் நடந்தது மூன்றாம் மாதமான ரபீஉல் அவ்வலில்; ஆண்டு தொடங்குவது முதல் மாதமான முஹர்ரத்தில். ஆகவே 622 ஜூலை 16 ஹிஜ்ரி என்ற அந்த ஆண்டுக்கணக்கில் முதலாண்டின் தொடக்கமே தவிர, நபி மதீனா சேர்ந்த நாள் அல்ல. அவர் சேர்ந்தது செப்டம்பரில்.

நடப்பு ஆண்டிலிருந்து 622ஐக் கழித்தால் ஹிஜ்ரி கிடைத்துவிடும் என்று எழுதுவதும் தவறு. 2024இல் கழித்தால் 1402 வரும். அந்த ஜூலையில் பிறந்ததோ ஹிஜ்ரி 1446. பிறைக்கணக்கு ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டு 355. நம் நாட்காட்டிக்குப் பதினொரு நாள் குறைவு. அதனால்தான் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. நமக்கு 32 ஆண்டு ஓடும்போது அங்கே 33 ஆகிவிடும். கழித்து வந்ததை 33ஆல் பெருக்கி 32ஆல் வகுங்கள்: 1445.8. இப்போது சரி.

ஜகாத் கொடுப்பவர்களையும் இந்தப் பதினொரு நாள் விடாது. கடனும் தேவையும் போக, 85 கிராம் தங்கத்தின் மதிப்பளவுக்குச் சொத்து ஒரு பிறையாண்டு கையில் நின்றால் அதில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். கடைக்கணக்கை மார்ச் 31இல் முடித்து அதே தேதியில் ஜகாத்தும் பார்ப்பவர், 33 முறை கொடுக்க வேண்டியதை 32 முறையே கொடுத்திருப்பார்; ஏழைக்குச் சேர வேண்டிய ஓர் ஆண்டுப் பங்கு அப்படியே நின்றுபோகும். ஆங்கிலத் தேதிதான் வசதியென்றால் ஒரு லட்சத்துக்கு 2,500 அல்ல, 2,577 ரூபாய் என்று போடுங்கள்.