மரத்தை அளப்பவர் யாருடைய ஆள்?

கேள்வி: அப்பா 1996-ல் வரப்போரம் நட்ட தேக்கு, எழுபது மரத்துக்கு மேல் நிற்கிறது. மகளின் கல்லூரிச் செலவுக்காக விற்க நினைக்கிறோம். ஒரு வியாபாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா நாலரை லட்சம், வெட்டுக்கூலி என்னுது" என்கிறார். மரம் தெரிந்த ஆலோசகர் ஒருவரை வைத்து அளந்த பிறகு விற்கலாம் என்கிறான் தம்பி. அது வீண் செலவு என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்? வேலியோரம் தானாக முளைத்த சந்தன மரம் ஒன்றும் இருக்கிறது.
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள் அம்மா. அதுவரை அந்த வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.

நான் வனத்துறையில் இருந்தபோது டிப்போவில், அதாவது மரக் கிடங்கில், ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக அளந்து, எண் போட்ட பிறகுதான் ஏலத்துக்கு வைப்போம். அரசாங்கமே அளக்காமல் விற்பதில்லை. உங்கள் அப்பா முப்பது வருடமாக வளர்த்ததை மட்டும் ஏன் குத்துமதிப்பாகக் கொடுக்க வேண்டும்?

ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். நடுச்சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி. சுற்றளவை நாலால் வகுத்தால் 12. அந்த 12-ஐ அதே 12-ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் சரியாக 10 கன அடி. இந்தக் கணக்கே உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும். அது வியாபார வழக்கம், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் அதே கட்டையை 44 அங்குலம் என்று எழுதினால் 8.4 கன அடிதான் வரும். நாலு அங்குலம் எப்படிக் காணாமல் போகும் என்கிறீர்களா? நடுவில் பிடிக்க வேண்டிய டேப்பை நுனிப் பக்கம் தள்ளிப் பிடிப்பார்கள். பட்டைக்கு என்று கழிப்பார்கள். 47 இருந்தால் 46 என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பக்கத்தில் கணக்குத் தெரிந்தவர் நோட்டோடு நின்றால் இது நடக்காது.

தேக்குக்கு எல்லாக் கட்டைக்கும் ஒரே விலை கிடையாது. பருமனும் நேரான நீளமும் கூடக் கூட, கன அடிக்கான விலையும் ஏறும். மொத்த விலை பேசும்போது உங்கள் நல்ல மரங்கள் மெலிந்த மரங்களோடு சேர்ந்து அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

ஆலோசகர் கிடைப்பது கஷ்டமில்லை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற வனவர், சரகர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வழி தெரியாவிட்டால் அந்தக் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். யாராக இருந்தாலும் ஒன்றை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுங்கள்: "வியாபாரியிடம் ஏதாவது வாங்குவீர்களா?" வாங்குபவர் என்றால் அவர் வேண்டாம். வியாபாரி கூட்டி வரும் ஆளும் வேண்டாம். கூலியை நாளுக்கு இவ்வளவு அல்லது மரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். விற்ற பணத்தில் பங்கு என்று பேசினால், நிற்க வேண்டிய மரத்தையும் வெட்டச் சொல்லத் தோன்றும். எல்லாவற்றையும் இப்போதே வெட்ட வேண்டும் என்பதில்லை. நெருக்கமாக நிற்பதையும் நன்றாகப் பருத்ததையும் விற்றுவிட்டு, மிச்சத்தை இன்னும் சில வருடம் விடலாம். எது எது என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கூலி.

அவர் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அளந்து நோட்டில் ஏற்றுவார். விற்கும் மரத்துக்கு அந்த உயரத்தில் ஒரு பெயிண்ட் குறி, அடியில் வேரோரம் இன்னொரு குறி போடச் சொல்லுங்கள். வெட்டி முடித்த பிறகு குறி இல்லாத அடிக்கட்டை தெரிந்தால், விற்காத மரம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த நோட்டின் நகலைக் கொடுத்து மூன்று நான்கு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேளுங்கள். நாலரை லட்சம் சொன்னவரும் அதில் ஒருவராக வரட்டும். நியாயமான விலையாக இருந்தால் அவருக்கே கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள். லாரி ஏறும் முன் முழுப் பணம், விறகு யாருக்கு, வரப்பு உடைந்தால் யார் சரிசெய்வது, எல்லாம் அதில் வர வேண்டும். மரத்தைத் தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள், தேக்கு அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பிறகு லாரி இறங்கினால் வயல் கெடாது.

வெட்டுவதற்கு முன்பே பட்டா, சிட்டா, அடங்கலோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

சந்தன மரம் பட்டா நிலத்தில் இருந்தாலும் நீங்களாக வெட்டக் கூடாது, வியாபாரிக்கும் விற்கக் கூடாது. அது வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். வெட்ட வரும் ஆட்களிடம் முதல் நாள் காலையிலேயே அதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.